நூலை யார் நனைத்தது?

தம்பிப் பாப்பா வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள், கட்டெறும்பின் கீழுதட்டில் கொப்புளம் வந்தது. நாள் பார்த்து வந்த மாதிரி வந்தது.

கட்டெறும்பு தையல்காரரின் மகள். வயது ஒன்பது. அந்தப் பெயரை வைத்தது அப்பா. ஏன் வைத்தார் என்று கேட்டால் கடிப்பாள்.

அப்பா கடையில் இருந்தார்; அம்மா இருந்த ஆஸ்பத்திரியிலேயே டாக்டரம்மா அவள் உதட்டைப் பார்த்தார். "இது ஒட்டுற கொப்புளம். எச்சில்ல பரவும். உனக்குத் தனி டம்ளர், தனி துண்டு. கொப்புளத்தத் தொடாத. தொட்டா சோப்புப் போட்டுக் கழுவு."

"பாப்பாவுக்கு முத்தம்?"

"கூடவே கூடாது. உனக்கு இது வெறும் எரிச்சல். பொறந்த குழந்தைக்குப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. பக்கு உதிர்ந்து புண்ணு நல்லா ஆறுற வரைக்கும் கிட்டயே போகாத."

மறுநாள் பாப்பா வந்தது. உள்ளறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்தது. கட்டெறும்பு அந்த அறை வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். ஒரு துணி மூட்டை தெரிந்தது. அதன் ஓரத்தில் மூக்கு மாதிரி ஏதோ தெரிந்தது. மூக்குதானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"அழாதடி செல்லம். பத்தே நாள்தான்" என்றாள் அம்மா.

"அதுக்குள்ள அவன் வளந்துடுவான். என்னப் பாத்து, இது யாருன்னு கேப்பான்."

"பத்து நாள்ல எந்தக் குழந்தைடி பேசியிருக்கு?"

"இவன் பேசுவான். என் நேரம் அப்படி."

முன்னறைதான் அப்பாவின் தையல் கடை. அங்கே போய் மூலையில் உட்கார்ந்தாள். அப்பா பாப்பாவுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை அளவுதான் இருந்தது சட்டை.

"கட்டெறும்பு, இந்த ஊசியில நூல் கோத்துக் குடு."

அப்பாவுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். முதலில் அவர் நூல் முனையை உதட்டில் வைத்து நனைப்பார். ஊசிக் காதைத் தவிர எல்லா இடத்திலும் குத்துவார். பிறகு அவளிடம் நீட்டுவார். அவளும் அதே முனையை வாயில் வைத்து நனைத்து ஒரே குத்தில் கோத்துவிடுவாள். தினமும் பத்துத் தடவை நடப்பது.

இன்று நூலை வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். முனை ஏற்கனவே ஈரமாக இருந்தது.

"அப்பா, இந்த நூல யார் நனைச்சது?"

"நான்தான். பின்ன, மழையா பேஞ்சுது?"

"மீசையத் தூக்குங்க."

"என்னது?"

"தூக்குங்கப்பா."

அது பெரிய மீசை. உள்ளே ஒரு குடும்பமே குடியிருக்கலாம். ஒரு பக்கு குடியிருந்தது.

"அட, அது பருடி. வருஷா வருஷம் வரும், போகும்." அப்பா எழுந்தார். "இரு, என் ராஜாவுக்கு ஒரு முத்தம் குடுத்துட்டு வரேன். ஆஸ்பத்திரியில நர்ஸம்மா கிட்டயே விடல."

கட்டெறும்பு ஓடிப்போய் உள்ளறை வாசற்படியில் கைகளை விரித்து நின்றாள்.

"பரு இல்லப்பா. எனக்கு வந்ததும் இதுதான். போகாதீங்க."

"நகரு. நான் அவன் அப்பன்."

"பாப்பா செத்துப் போயிடும்பா!"

அப்பா நின்றார். டாக்டரம்மா சொன்னதை எல்லாம் அவள் தேம்பித் தேம்பிச் சொன்னாள். கழுத்தில் அளவு நாடாவோடு அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கும் நான்தான் குடுத்தேனா?"

"ம்."

"இப்ப மட்டும் அவனத் தூக்கியிருந்தா..." கண் நிறைந்தது. கையைக் கொண்டுபோனார்.

"கண்ணத் தொடாதீங்க! மீசையத் தொட்ட கை!"

அப்பா துடைக்காமலே அழுதார். மிகவும் சிரமமான அழுகை அது.

கட்டெறும்பு நூலின் ஈர முனையை வெட்டிக் குப்பையில் போட்டாள். கை கழுவினாள். அப்பாவையும் கழுவ வைத்தாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வந்து, புது முனையை அதில் நனைத்துக் கோத்தாள்.

"தண்ணியிலயும் நனையுது பாருங்க."

அப்பா கிண்ணத்தையே பார்த்தார். "இத்தன வருஷமா இது எனக்குத் தோணல பாரு."

"யாருக்கு மொதல்ல பக்கு உதிருதோ..."

"அவங்க இன்னொருத்தருக்காகக் காத்திருக்கணும். சேந்துதான் போறோம்."

உள்ளே பாப்பா வீறிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

அழுகை நல்ல பலமாக இருந்தது. வெளியே உட்கார்ந்து கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது.