மூடப்பட்ட சீட்டு

ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்டெய்னர் யார்டின் கேட்டில் நான்கே லாரிகள்தான் நின்றன. ஆனாலும் சர்வரின் பிராசஸர் நூறு சதவீதத்தைவிட்டு இறங்கவில்லை. ஜன்னலில்லாத அந்த அறையில் ஏசியின் ஈரவாடையையும் மீறிச் சூடான பிளாஸ்டிக் நாற்றம் வந்தது. விசிறிகளின் இரைச்சல் ஏறுவதும், யாரோ மூச்சை அடக்கியதுபோல் நிற்பதும், மறுபடி ஏறுவதுமாக இருந்ததை, சர்வரைக் கவனிக்கும் ஈவாஞ்சலின் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேட்டில் பாஸ் போடும் இனிகோ போன் செய்தான்.

"அக்கா, ஒரு பாஸ் அடிக்க பத்து நிமிசம் ஆவுது. டிரைவருங்க என்னைய ஏசுதாவ. ஒங்க மிஷினுக்கும் இன்னைக்கு லீவா?"

"நீ அங்கன ஏதும் ரிப்போர்ட் ஓட்டுதியா?"

"நான் மிச்சர் தின்னுட்டு இருக்கேன்."

அவள் நம்பவில்லை. வியாழக்கிழமை நடந்தது தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

யார்டுக்குள் வந்தவர்கள் வெளியேறியதாகப் பதியாத பாஸ் சீட்டுகள் சேரச் சேர, ஒவ்வொரு தேடலும் அவற்றையெல்லாம் புரட்டும், பிராசஸர் திணறும். அதனால் மாதக் கடைசியில் எல்லாவற்றிலும் 'வெளியேறினார்' என்று மொத்தமாக எழுதிவிடுவது இங்கே வழக்கம். யாரும் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. வியாழக்கிழமையும் அப்படித்தான் எல்லாச் சீட்டையும் மூடினாள். அன்றிரவு, காலிக் கண்டெய்னர்களைச் சோதிக்கும் வெள்ளத்துரை வீடு திரும்பவில்லை. மறுநாள் அவர் மனைவி செல்லத்தாய் வந்து நின்றபோது, ஈவாஞ்சலின் திரையைக் காட்டி, "அண்ணாச்சி நேத்தே வெளிய போயிட்டாவளே" என்றாள். போலீஸும் அதைப் பார்த்துவிட்டு ஊருக்குள் தேடியது.

பிராசஸரைத் தின்பது எதுவென்று இப்போது பார்த்தாள். ஒரே தேடல். பதினோரு வருடப் பதிவுகளையும் புரட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. தேடுவது வெள்ளத்துரையின் சீட்டை. அனுப்புவது அவர் கையிலிருந்த ஸ்கேனர். அதன் சார்ஜ் எட்டு மணி நேரம்தான் நிற்கும்.

மூன்று நாளாயிற்று.

இனிகோதான். மிரட்டுகிறான். வேறென்ன.

பொய்ப் பதிவை அழித்தால் யார்டைத் திறந்து தேடுவார்கள். அவள் வேலையும் போகும். விரல் சற்று நேரம் நின்றது. பிறகு, தேடலை நிறுத்தினாள்.

எழுபது சதவீதம். முப்பது. மூன்று.

விசிறிகள் அடங்கின. போன் அடித்தது.

"சரியாயிட்டு அக்கா. ஆனா ஒரு வார்த்த சொல்லாமப் போறீய?"

"எங்க?"

"இப்பதான கேட்டத் தாண்டினீய. ஒங்க பாஸையும் மூடிட்டேன். கூட வெள்ளத்துரை அண்ணாச்சி. எங்கன கண்டுபிடிச்சீய அவர?"

போன் அறுந்தது. விளக்கும் அணைந்தது.

கதவில் கார்டை வைத்தாள். சிவப்பு. மறுபடி. சிவப்பு. பிறகு அதுவும் இல்லை.

துரு நாற்றம். புழுக்கம்.

சுவரில் கை வைத்தாள். மடிப்பு மடிப்பாகக் கண்டெய்னர் இரும்பு. வெயிலில் கொதித்தது. மார்பளவு உயரத்தில், நகக் கீறல்கள். விரல் வைத்துப் பார்த்தாள்.

ஈரம் காயவில்லை.