கியர்பெட்டி கற்றுக்கொண்ட கால்

"ஒண்ணுமே இல்லாத வண்டி எதுக்குப்பா ஏத்தத்துல நின்னுக்கிட்டு அந்தக் கத்து கத்துது?"

"மேடம், நாங்க ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டோம். வெண்ணெய் மாதிரி போகுது."

"உங்ககிட்ட வெண்ணெய். என் கைக்கு வந்தா முரட்டுக் காளை. போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. அதுக்கு முந்தின தடவையும் இதே டைய கட்டிக்கிட்டு இதையேதான் சொன்னீங்க."

கார் சர்வீஸ் சென்டரில் காத்திருந்தவர்கள் காபிக் கோப்பையை வாயருகே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பல் டாக்டரம்மா குரலை உயர்த்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. ஊர் அவளுக்கு வைத்திருந்த பெயரே பூக்கால் டாக்டர். கை அல்ல, கால். பல்லைக் குடையும் டிரில்லுக்குக் காலடியில் ஒரு பெடல் உண்டு. மற்ற டாக்டர்கள் அதை மிதித்தால் மண்டைக்குள் ரயில் ஓடும். இவள் மிதித்தால் தும்பி பறக்கிற சத்தம்தான். அந்தக் காலை நம்பித்தான் எங்கிருந்தெல்லாமோ வந்து வாயைத் திறந்தார்கள். அதை விட்டால் அவளுக்கென்று வேறு எதுவும் இல்லை என்பதும் ஊருக்குத் தெரியும். கணவன் இரண்டு பைகளோடு கிளம்பிப் போன பிறகு, வீட்டில் அவளும் ஃபிரிட்ஜும்தான். அந்த இருவரில் அதிகம் பேசுவது ஃபிரிட்ஜ் என்று பக்கத்து வீட்டில் ஒரு சிரிப்பு உண்டு.

காரின் வயிற்றில் வயரைச் செருகி லேப்டாப்பில் படித்துக்கொண்டிருந்த மெக்கானிக் பெண், நிமிராமலே கேட்டாள்.

"மேடம், வீட்டுல வேற யாரு ஓட்டுறாங்க?"

"யாரும் இல்ல."

"எப்பவாவது? அவசரத்துக்கு?"

தெருவே ரொம்ப நாளாகச் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. அந்தப் பெண் சூயிங்கம் மென்றபடி நேராகவே போட்டு உடைத்துவிட்டாள். டாக்டரம்மாவுக்குக் காது சூடானது.

"நான் மட்டும்தாம்மா இருக்கேன்."

"இல்ல மேடம், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஓட்டுறவங்க காலைப் பாத்துப் பாத்துக் கத்துக்கும். மெதுவா மிதிக்கிறவங்களுக்கு மெதுவா மாத்திக் குடுக்கும். அழுத்தி மிதிச்சா கியரை விடாம பிடிச்சுக்கும், அதான் அந்தக் கத்தல். உங்களோடது ரொம்ப அழுத்தமான காலைக் கத்து வெச்சிருக்கு. ஒவ்வொரு தடவையும் அழிச்சுத்தான் அனுப்புறோம். திரும்பி வரும்போது மறுபடி அதே கால்."

"அப்போ நான் தூங்கும்போது யாரோ வண்டிய எடுக்கிறாங்க. ஸ்பேர் சாவி வெச்சு."

"எடுத்திருந்தா கிலோமீட்டர் ஏறியிருக்கும். ஏறலையே. சும்மா நிக்கும்போது அது எதையும் கத்துக்காது மேடம், ஓடும்போது மட்டும்தான்." அவள் லேப்டாப்பை மூடினாள். "நீங்க ஓட்டும்போதுதான் கத்துக்குது."

டை கட்டியவன் சிரித்துச் சமாளித்தான். "சாஃப்ட்வேர் கோளாறா இருக்கும் மேடம். இன்னொரு தடவை அழிச்சு விட்டுட்டா முடிஞ்சுது."

"வேண்டாம்" என்றாள் டாக்டரம்மா.

ஏன் வேண்டாம் என்றாள் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். கையிலிருந்து கை மாறி வந்த வண்டி அது. "கியர் கொஞ்சம் அவசரப்படும், மத்தபடி தங்கம்" என்று சொல்லித்தான் விற்றவர் தலையில் கட்டினார். வாங்கிய புதிதில் கணவன்தான் ஓட்டினான். காலில் செங்கல்லைக் கட்டிக்கொண்டிருக்கிறாயா என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து கத்துவாள். அவன் பதிலுக்குக் கத்துவான். வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு குடும்பத்தின் குறைகளும் பேசி முடிக்கப்பட்டிருக்கும். போனபோது கார் சாவியை ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு, வாடகை வண்டி பிடித்துப் போனான். அந்த மனுஷனின் கால் மட்டும் போகாமல் இயந்திரத்துக்குள் தங்கிவிட்டதாமே. கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம் வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். அதையாவது அழிக்காமல் வைத்துக்கொள்ளலாம்.

அழிக்காமல் வைத்துக்கொண்ட அன்றிலிருந்து வண்டி மடியில் ஏறிப் படுக்கிற பூனையாகிவிட்டது. குலுக்கல் இல்லை, ஏற்றத்தில் கத்தல் இல்லை. வழக்கமாக அவள் அடுக்குமாடி வாசலின் சரிவில் திணறி நிற்கும்போதெல்லாம், மேல்வீட்டு ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் பால்கனியிலிருந்து, "என்ன டாக்டரம்மா, இன்னைக்கும் வண்டிக்கு வீட்டை விட்டுப் போக மனசில்லையா?" என்று விசாரிப்பார். இப்போது அவருக்கு வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

வண்டிக்குள் அவள் பேச ஆரம்பித்தாள். அன்றைக்கு வந்த கடைவாய்ப்பல், பயத்தில் விரலைக் கடித்துவிட்ட தாசில்தார், நாள் முழுக்க போனும் கையுமாக இருக்கும் கிளினிக் நர்ஸ் என்று கண்ணாடி ஏற்றிவிட்ட காருக்குள் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு போவாள். அவள் நிறுத்துகிற இடத்தில் எஞ்சின் லேசாக ஒரு மூச்சு ஏறி இறங்கும். ம் கொட்டுகிற மாதிரி. அதில் அவள் பயப்பட ஒன்றும் காணவில்லை. அவளுக்கு ம் கொட்ட வேறு யார் இருந்தார்கள்?

பிறகு ஒருநாள் சிக்னலில் பச்சை விழுந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டரின் மேல் வைக்கப் போனாள். வைக்கிற இடத்தில் பெடல் இல்லை. இருட்டில் படி இறங்கும்போது இருப்பதாக நினைத்த கடைசிப் படி இல்லாமல் போகுமே, அந்த மாதிரி அவள் கால் வெறும் காற்றில் இறங்கி, கீழே ஏற்கெனவே அமுங்கியிருந்த பெடலைத் தொட்டது. வண்டி அதற்குள் நகர்ந்திருந்தது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வார விடுமுறையில், வண்டிக்குள் கிடந்த மிதியடியை எடுத்துத் தட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ரப்பரில் அவள் குதிகால் ஊன்றி ஊன்றித் தேய்ந்த வழவழப்பான வட்டம் இருந்தது. அதற்கு வலது பக்கத்தில், கதவை ஒட்டி, இன்னொரு வட்டம். பெரியது. அவளுடையதைவிட ஆழமாகத் தேய்ந்தது. கணவன் குதிகாலாக இருக்கும் என்று மனதைத் தேற்றப் பார்த்தாள். ஆனால் மிதியடி அவன் போன பிறகு அவளே கடையில் வாங்கிப் போட்டது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் கிளினிக்கிலிருந்து வந்து, தரைத்தளத்துக்குக் கீழே இருக்கும் பார்க்கிங்கில், தன் தூணுக்கும் சுவருக்கும் நடுவே வண்டியை நிறுத்தி அணைத்தாள். சூடான எஞ்சின் ஆறும்போது வருகிற டிக் டிக், சரிவில் வழிந்து வந்து எங்கோ சாக்கடைக் கம்பிக்குள் விழுகிற தண்ணீர், நனைந்த சிமெண்டின் வாடை, தன் விரல்களில் போகாமல் தங்கியிருக்கும் கிராம்புத் தைலத்தின் வாடை, மேலே யார் வீட்டிலோ டி.வி.யில் கைதட்டுகிற கூட்டம். இறங்கிப் போனால் அந்த ஃபிரிட்ஜ். இறங்காமல் கணவனுக்குப் போன் போட்டாள். ஒன்றுமில்லை, ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான்.

"என்ன திடீர்னு?" என்றான் அவன். பின்னால் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. வேறு யாரோ உருட்டுகிறார்கள்.

"உன் கால் இன்னும் வண்டியில இருக்காம். கியர்பாக்ஸ் ஞாபகம் வெச்சிருக்காம். சர்வீஸ்ல சொன்னாங்க."

அவன் சிரிக்கவில்லை.

"என்னோட காலா?"

"அந்தச் செங்கல் கால் வேற யாருக்கு இருக்கு?"

"எத்தனை தடவை சொல்லியிருப்பேன் உங்கிட்ட? நான் மிதிக்கவே மாட்டேன், அதுவா பாயும். நான் கால் வைக்கப் போறதுக்குள்ள அமுங்கியிருக்கும். நீ நம்பலை. என் கால்தான் சரியில்லன்னு கத்தினே." பாத்திரச் சத்தம் நின்றது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அதனாலதான் அதை அங்கேயே விட்டுட்டு வந்தேன். இன்னும் அதையா ஓட்டிக்கிட்டு இருக்கே?"

அவள் போனை மடியில் வைத்தாள். அவன் ஹலோ ஹலோ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

டிக் டிக் நின்றிருந்தது. எஞ்சின் ஆறிவிட்டது. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. கிராம்பு வாடைக்குள் இன்னொரு வாடை மெல்லப் புகுந்தது. நாள் முழுக்க ஈர ஷூவுக்குள் கிடந்து வெளியே வந்த காலின் வாடை. கீழேயிருந்து வந்தது. ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த இருட்டிலிருந்து.

அவள் வலது கால் இன்னும் பிரேக்கின் மேல்தான் இருந்தது. அசைக்கவில்லை.

பக்கத்தில் பெடல் அமுங்கியது.

மெல்ல ஏறியது. மறுபடி அமுங்கியது.

அழுத்தி அல்ல. செங்கல் மாதிரி அல்ல. நிதானமாக. ஒரு பூவை மிதிக்கிற மாதிரி. அவள் மிதிக்கிற மாதிரி.

பழகிக்கொண்டிருந்தது.

இறங்கி ஓட வேண்டும் என்று தோன்றியது. கதவுப் பக்கம்தான் அது இருந்தது. கத்தலாம் என்று தோன்றியது. கத்தினால் போஸ்ட்மாஸ்டர் வருவார். நாளைக்குத் தெரு முழுக்கச் சிரிக்கும். ஸ்பிரிங்தான். ஸ்பிரிங்காகத்தான் இருக்க வேண்டும். தொட்டுப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலை பிரேக்கிலிருந்து எடுத்தாள். மெதுவாக அந்தப் பக்கம் நகர்த்தினாள். இறக்கினாள்.

ரப்பரின் வரிகள் தட்டுப்படவில்லை.

விரல்கள்.

குளிர்ந்திருந்தன. ஈரமாக இருந்தன. அவள் விரல்கள் பட்டதும் விலகவில்லை. இடம் விட்டு, மெதுவாக விரிந்துகொண்டன.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரிந்ததுதான். ஒற்றைச் செருப்போடு அவள் சரிவில் ஏறி மழையில் ஓடி வந்ததைப் போஸ்ட்மாஸ்டர் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, டாக்டரம்மாவுக்கு நடைப்பயிற்சிப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லி வைத்தார். வண்டியைச் சர்வீஸ்காரர்கள் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். அவள் திரும்பக் கேட்கவில்லை. டை கட்டியவனும் லேப்டாப் பெண்ணும் இதற்குள் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். அந்த வண்டியையே அடிமாட்டு விலைக்கு வாங்கி, இப்போது அதில்தான் ஜோடியாகப் போகிறார்கள். ஒரு குலுக்கல் இல்லையாம், ஒரு கத்தல் இல்லையாம். "நான்தான் அப்பவே சொன்னேனே, வண்டியில ஒண்ணும் இல்லன்னு" என்று அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். கணவன் இன்னும் தள்ளி வேறொரு ஊருக்கு வீடு மாறிவிட்டான், விலாசம் தரவில்லை. கிளினிக் நர்ஸ் அவசர அவசரமாக வந்த முதல் வரனுக்கே தலையாட்டிவிட்டுப் போனாள். நல்ல இடம்தானா என்று கேட்டவர்களிடம், தூரமான இடம் என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரம்மா தனியாகத்தான் கிளினிக்கை நடத்துகிறாள். நடந்தே வருகிறாள், நடந்தே போகிறாள். கூட்டம் குறையவில்லை. பூக்கால் ஆயிற்றே.

இன்றைக்குப் போஸ்ட்மாஸ்டருக்குக் கடைவாய்ப்பல். நாற்காலியில் சாய்ந்து, விளக்கு வெளிச்சத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயை அகலத் திறந்து வைத்திருக்கிறார். மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. கன்னத்தை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டிரில்லைப் பல்லின் மேல் வைத்திருக்கிறாள். பெடலை அவள் இன்னும் மிதிக்கவில்லை. மிதிப்பதற்கு முன்னால் ஒருமுறை காலடியில் குனிந்து பார்த்துக்கொள்வது இப்போது அவள் வழக்கம். இந்தத் தடவை குனியவில்லை. அந்த ஈரக் காலின் வாடை முதலிலேயே வந்துவிட்டது.

அவளுடைய இரண்டு கால்களும் ஸ்டூலின் கம்பியில் ஏறி ஒன்றையொன்று பின்னிக்கொண்டிருக்கின்றன.

தும்பி பறக்கிற சத்தம் கேட்கிறது.

டிரில்லைப் பின்னால் இழுக்கிறாள். கை அவள் சொன்னபடி வரவில்லை.

சத்தம் ஏறுகிறது.