துலாக் கட்டத்தின் முதல் குடம்

அபயா மூன்றாவது முறை மூழ்கி எழுந்தாள். மணிக்கட்டில் கட்டியிருந்த பாவமானி ஏழு காட்டியது.

“இன்னுமா ஏழு? நாசமாப் போக!”

திட்டியதற்கு எட்டானது.

ஐப்பசியின் கடைசி நாள், கடைமுழுக்கு. மயிலாடுதுறைத் துலாக் கட்டத்தில் நிற்க இடமில்லை. பொய்யும் கோபமும் பொறாமையும் ரத்தத்தில் விடும் கசடைப் பாவமானி எண்ணாகச் சொல்லிவிடும். காவிரியில் முழுகினால் அந்த எண் இறங்கும். ஏன் என்று மானியைச் செய்தவர்களுக்கே விளங்கவில்லை. கங்கையே தன்மேல் சேர்ந்த பாவத்தைக் கழுவ ஐப்பசியில் இங்கே வருகிறாள் என்று ஊர் சொல்வதை இப்போது விஞ்ஞானிகளும் மறுப்பதில்லை.

குறைந்த எண் காட்டும் பெண்தான் சாமி அபிஷேகத்துக்கு முதல் குடம் சுமப்பாள். நான்கு வருடமாக அது அபயாவின் ஓரகத்தி வாணிக்கே போகிறது. எப்போதும் பூஜ்யம்! மூத்த மருமகள் அபயாவுக்கு வயிறு எரிந்தது. மாதம் முழுக்க விடியலில் வந்து முழுகினாள். எண் இறங்கும். படியில் வாணியைப் பார்த்ததும் ஏறிவிடும்.

இன்றும் வாணி பூஜ்யத்தோடு கரையேறினாள். கட்டத்து அதிகாரி குடத்தை நீட்டினார். அபயா பாய்ந்துபோய் வாணியின் கையைப் பிடித்தாள்.

“எங்க, ஒரு பொய் சொல்லுடி, பாப்போம்!”

“நான்... நான் காவிரியையே பார்த்ததில்லக்கா.”

எண் அசையவில்லை.

“இது செத்துப்போன மானிடி!”

வாணி அழுதுவிட்டாள். “தண்ணி பூந்து நாலு வருஷமாச்சுக்கா. சரி பண்ணினா என்ன காட்டுமோன்னு பயம். உங்க குரலு, உங்க சமையலு, அத்தை எதுக்கும் உங்களையே கூப்பிடறது, எல்லாத்து மேலயும் எனக்குப் பொறாமை.”

அபயாவின் நெஞ்சு குளிர்ந்து போயிற்று. அடேயப்பா! இத்தனை வருடம் இவளும் தன்னைப் பார்த்து வெந்திருக்கிறாள்! காவிரியில் முப்பது நாள் முழுகியும் கிடைக்காத சுகம்.

“அடுத்தது நீங்கதாம்மா, கையைக் காட்டுங்க,” என்றார் அதிகாரி. பார்த்தவர் முகம் மாறியது. “நூத்திப் பதினொண்ணா?”

முதல் குடம் வேறு ஒருத்தியின் இடுப்பில் ஏறியது.

“விடுங்கக்கா,” என்று வாணி மூக்கைத் துடைத்தாள். “பிந்தி வர்றவங்களுக்குத்தான் நாளைக்கு முடவன் முழுக்கு இருக்கே.”

“ம். சேந்தே வருவோம்,” என்றாள் அபயா. “ஆமா, யாருடி அவ? நடையைப் பாரேன்.”

“அதானே! என்ன திமிருக்கா!”

நூற்றுப் பன்னிரண்டு.