நாலாவது நாற்காலியின் நிறம்

திருகாணிக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாக அவளுக்கே நினைவில்லை. கையில் திருப்புளி கிடைத்தால் போதும், எதையாவது கழற்றிப் பார்த்துவிடுவாள். அலாரக் கடிகாரம், டார்ச் லைட், அப்பாவின் குடைக் கைப்பிடி எல்லாம் அவளிடம் மாட்டிக்கொண்டு முழித்தவைதான். "இவளை விட்டா வீட்டையே கழட்டி மூட்டை கட்டிடுவா" என்று சொல்லி அப்பாதான் அந்தப் பெயரை வைத்தார்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அம்மா அப்படி. வாரம் முழுவதும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பார். விடுமுறை வந்துவிட்டால் கார் ஷெட்டுக்குள் புகுந்துகொள்வார். அந்த ஷெட்டில் கார் ஒருநாளும் நின்றதில்லை. ரம்பம், இழைப்புளி, உளி, மரத்தைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், எங்கே பார்த்தாலும் மரத்தூள், அவ்வளவுதான். அன்றைக்குச் சமையல் அப்பா பாடு.

"உங்கம்மா செய்யறதும் உடையாது, நான் செய்யறதும் உடையாது" என்று அப்பா தான் சுட்ட ரொட்டியை மேஜையில் தட்டிக் காட்டுவார். உண்மையிலேயே டொக் டொக் என்று சத்தம் வரும்.

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி மூன்று நாற்காலிகள் இருந்தன. ஒரு பழைய கதவை அறுத்து அம்மா செய்தவை. மூன்றும் நல்ல கறுப்பேறிய பழுப்பு நிறம். சாய்ந்துகொள்ள முதுகுப் பக்கம் நான்கு சட்டங்கள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, திருகாணிக்கு ஒன்று. விருந்தாளி வந்தால் உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

அந்த ஸ்டூலில்தான் இப்போது தம்பி உட்கார்ந்திருந்தான்.

தம்பி சித்தியின் மகன். சித்தியும் சித்தப்பாவும் வேலைக்காகக் கடல் தாண்டிப் போயிருந்தார்கள். இந்தப் பள்ளி ஆண்டு முடியும்வரை அவன் பெரியம்மா வீட்டில்தான். அவனுக்கு ஏழு வயது. அவ்வளவு நல்ல பிள்ளையாக ஒரு ஏழு வயதுக்காரன் இருப்பது திருகாணிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"பெரியம்மா, தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்பான். "பெரியப்பா, ஃபேன் போட்டுக்கட்டுமா?" என்பான். ஒருநாள் "பாத்ரூம் போகட்டுமா?" என்றுகூடக் கேட்டான். "தாராளமா போயிட்டு வாங்க சார்" என்று அப்பா எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார். அதற்கும் அவன் சிரிக்கவில்லை.

தினமும் காலையில் பல் தேய்த்ததும், பிரஷ்ஷை உதறித் துடைத்துத் தன் பையிலேயே வைத்துக்கொள்வான். வாஷ்பேசின் மேல் இருந்த டம்ளரில் மூன்று பிரஷ்கள் சாய்ந்து நிற்கும். நாலாவதை வைக்க நிறைய இடம் இருந்தது. அவன் வைக்கவில்லை.

"தம்பிக்கு ஒரு நாற்காலி செய்யணும்" என்றார் அம்மா.

கதவு மரம் தீர்ந்துபோயிருந்தது. மரக்கடையில் கிடைத்தது வேறு மரம். வெண்ணெய் மாதிரி வெளுப்பு. அம்மா அதைப் பழுப்பாக்க பாலீஷ் பூசினார். அது ஓர் இடத்தில் நன்றாகக் குடித்துக்கொண்டது, பக்கத்திலேயே குடிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. நாற்காலி முழுக்கத் திட்டுத் திட்டாக வந்துவிட்டது.

அப்பா எட்டிப் பார்த்தார். "புலியா, வரிக்குதிரையா?"

"கிண்டலா? போய் அடுப்பைப் பாருங்க" என்றார் அம்மா. பூசியதையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்து எடுக்க அவருக்கு இன்னொரு விடுமுறை தேவைப்பட்டது. "இந்த மரம் என் பேச்சைக் கேக்காது. வெளுப்பாவே இருக்கட்டும். அதுவும் அழகுதான்."

அழகாகத்தான் இருந்தது. அன்று சாப்பாட்டு நேரத்தில் தம்பி அதைத் தொட்டுப் பார்த்தான். பிறகு மற்ற மூன்று நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"பெரியம்மா, இது வீட்டுக்கு வர்றவங்க உக்கார்ற நாற்காலியா?"

"இல்லடா கண்ணா, உனக்குன்னே செஞ்சது."

"சரி பெரியம்மா."

சரி என்றானே தவிர, சாய்ந்து உட்காரவில்லை. யாராவது வந்து கேட்டால் உடனே எழுந்து இடம் விடவேண்டும் என்பதுபோல நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த திருகாணி கையில் எடுத்ததைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். பாவமாக இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

எல்லாரும் எழுந்து போனபிறகும் அவள் உட்கார்ந்தே இருந்தாள். கை தானாகப் பின்னால் போய் நாற்காலிச் சட்டத்தைத் தடவியது. விரலில் திருகாணியின் தலை தட்டுப்பட்டது.

முதுகுச் சட்டங்களை அம்மா பசை போட்டு ஒட்டுவதே கிடையாது. மேலும் கீழும் ஒரு பள்ளத்தில் உட்காரவைத்து, பின்னாலிருந்து திருகி வைப்பார். "நாளைக்கே ஒண்ணு உடைஞ்சா கழட்டி மாத்திக்கலாம்ல?" என்பார். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. ஷெட் சுவரில் தொங்கும் அளவுப் பலகையை மேலே வைத்துக் கோடு போட்டுத்தான் அறுப்பார்.

கழற்றலாம். மாற்றலாம்!

திருகாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த விடுமுறையன்று அம்மா மரக்கடைக்குக் கிளம்பினார். அப்பா சோபாவில் படுத்துக் குறட்டையை ஆரம்பித்தார். தம்பி அறையில் படம் வரைந்துகொண்டிருந்தான். ரம்பத்தைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. திருப்புளிக்கு உண்டு. நான்கு நாற்காலிகளையும் தரையில் குப்புறக் கவிழ்த்தாள். அப்பாவின் குறட்டை நின்றபோதெல்லாம் அவளும் நின்றாள். அது தொடர்ந்ததும் அவளும் தொடர்ந்தாள்.

முதலில் வெளுத்த நாற்காலியின் சட்டங்களைக் கழற்றினாள். பிறகு பழுப்பு நாற்காலி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சட்டம். தரையெல்லாம் சட்டங்களும் திருகாணிகளுமாகக் கிடந்த நேரத்தில் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அக்கா."

தம்பி நின்றுகொண்டிருந்தான். முதுகில்லாமல் கிடந்த தன் நாற்காலியையே பார்த்தான்.

"நான் போறதுக்கு முன்னாடியே கழட்டிட்டீங்களா?"

திருகாணி திருப்புளியைக் கீழே போட்டாள். "ஐயோ, இல்லடா! இங்க வா, உக்காரு. போறப்ப போவியாம், இப்ப இதைப் பிடி."

ஒரு வெளுத்த சட்டத்தை அவன் கையில் திணித்தாள். "இது அம்மா நாற்காலிக்கு. இன்னொண்ணு எனக்கு. ஒண்ணு அப்பாவுக்கு. எங்க மூணு பேர் சட்டமும் உனக்கு. இப்ப எண்ணிப் பாரு."

அவன் விரல் விட்டு எண்ணினான். "எனக்கு மூணு பழுப்பு, ஒண்ணு வெள்ளை." கொஞ்சம் யோசித்தான். "உங்களுக்கும் மூணு பழுப்பு, ஒண்ணு வெள்ளை."

"அம்மாவுக்கு?"

"அதேதான். பெரியப்பாவுக்கும் அதேதான்!" அவன் கண் விரிந்தது. உடனே சுருங்கியது. "காலும் உக்கார்ற பலகையும் வெள்ளையா இருக்கே?"

"பலகை மேல நீ உக்காந்துடுவ. கால் மேஜைக்கு அடியில போயிடும். அங்க யாரு குனிஞ்சு பாக்கப்போறா?"

"நான் ஊருக்குப் போனதும் திருப்பி மாத்திடுவீங்களா?"

"மாட்டேன். நீ எங்க இருந்தாலும் உன் சட்டத்துலதான் நாங்க சாய்ஞ்சுக்குவோம்."

தம்பி சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

எல்லாம் சரியாகப் பொருந்தி வந்தது, அப்பாவின் சட்டம் தவிர. அது தம்பி நாற்காலியின் பள்ளத்துக்குள் இறங்கவே இல்லை. அப்போதுதான் திருகாணிக்கு ஞாபகம் வந்தது. அப்பாவுடையது அம்மா முதன்முதலாகச் செய்த நாற்காலி, அளவுப் பலகை பிறப்பதற்கு முன்பே பிறந்தது. "அது பழகறதுக்குச் செஞ்சது, வேற செஞ்சு தர்றேன்" என்று அம்மா எத்தனையோ முறை கேட்டும் அப்பா கொடுக்கவில்லை. அதன் சட்டம் ஒரு நகக்கண் அளவு கூடுதல் நீளம்.

"போச்சு" என்று தரையில் உட்கார்ந்தாள் திருகாணி.

"தேய்ச்சா கரையாதா அக்கா?" என்றான் தம்பி.

இரண்டு பேரும் ஷெட்டுக்கு ஓடினார்கள். சட்டத்தை வைஸில் இறுக்கி, அரத்தால் அதன் நுனியைத் தேய்த்தார்கள். கை வலித்தபோது ஆள் மாறினார்கள். கதவு மரம் லேசில் கரைகிற மரமா? கடைசியாகத் தேய்த்தவன் தம்பி. அவனுக்கு மூக்கு நுனியெல்லாம் மரத்தூள். ஓடிவந்து வைத்துப் பார்த்தார்கள். டக்கென்று உட்கார்ந்தது.

"யாருகிட்டயும் கேக்காம தேய்ச்சுட்டோமே!" என்று அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது.

வாசல் கதவு திறந்தது. அம்மா! அதே நேரம் அப்பாவும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தார்.

அம்மா கையிலிருந்த பலகையைச் சுவரில் சாய்த்தார். மேஜையை மெதுவாக ஒரு சுற்று வந்தார். நாளெல்லாம் அடுத்தவர்கள் கண்ணைப் பார்த்துப் பழகிய கண் அது, எதுவும் தப்பாது. அப்பாவின் நாற்காலியில் நீளம் போதாத வெளுத்த சட்டத்துக்கு மேலே தெரிந்த சின்ன இடைவெளியில் விரலை வைத்தார்.

"யாரு செஞ்சது இது?"

"நான்தாம்மா" என்றாள் திருகாணி.

"நானும் தேய்ச்சேன் பெரியம்மா" என்றான் தம்பி மெல்ல.

அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். "பாலீஷைப் பூசிப் பூசி மல்லுக்கட்டினேனே, எனக்கு இது தோணலையே!" என்று இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். தம்பியின் மரத்தூளெல்லாம் அவர் சேலையில் ஒட்டியது.

"ஏய், என் நாற்காலிக்குப் பல்லு விழுந்தமாதிரி இருக்கே!" என்று அப்பா இடைவெளியைத் தடவினார். "இருக்கட்டும், யாரும் அதை அடைக்கக் கூடாது. அடையாளம் வேணும்ல?"

தம்பி சிரித்துவிட்டான். வந்ததிலிருந்து முதல்முறையாக, சத்தமாக.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது தம்பி நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தான். தண்ணீரை யாரையும் கேட்காமல் எடுத்துக் குடித்தான். அப்பா சுட்ட ரொட்டியை மேஜையில் தட்டிப் பார்த்து, "பெரியப்பா, இதையும் அரத்தால தேய்க்கணும்" என்றான்.

மறுநாள் காலை திருகாணி தூக்கக் கலக்கத்தோடு பல் தேய்க்கப் போனாள். டம்ளரில் நான்கு பிரஷ்கள் நின்றன. தன்னுடையதை எடுக்க, தம்பியின் பிரஷ்ஷைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது.