குபீர் விருது

மாரீஸ்வரனின் புத்தகத்துக்கு மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு சிரிப்புகள் விழுந்திருந்தன. சிவகாசி நகர நூலகத்தின் முகப்புப் பலகையில் அந்த எண் பெரிதாக ஒளிர்ந்தது. அதற்குக் கீழே, இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பதுக்குப் பக்கத்தில், சம்யுக்தாவின் பெயர் இருந்தது. ஐந்து ஆண்டுகளில் அவள் பெயருக்கு மேலே இன்னொருவர் பெயர் ஏறியது இதுதான் முதல் தடவை.

சம்யுக்தா கை தட்டினாள். உள்ளங்கை எரியும்வரை தட்டினாள். பக்கத்தில் நின்றவர்கள், என்ன பெருந்தன்மை என்று அவளைப் பார்த்தார்கள். இந்தக் கூட்டத்தில் தன் நெற்றியில் வில்லை இல்லாதது எவ்வளவு நல்லது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வில்லை குழந்தைகளுக்கு மட்டும்தான். பொட்டு அளவில் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கருவிக்குச் சிரிப்புமானி என்று பெயர். கண் வரிவரியாக ஓடும்போது, கண்ணோரத் தசையும் மூச்சும் சேர்ந்து குலுங்கினால் பச்சையாக ஒரு மின்னு மின்னி, ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். பெரியவர்களைத் திருப்திப்படுத்தச் சிரிக்கும் சிரிப்பில் கண்ணோரம் சுருங்காது. அது கணக்கில் சேராது.

ஊர் இப்படி ஒரு விருதை ஏற்படுத்தியதற்குக் காரணம் ஓதி. காதுமடலில் கடுகு போல ஒட்டியிருக்கும் ஓதி, கண்முன் எந்த எழுத்து வந்தாலும் அதைக் காதில் சொல்லிவிடும். பேருந்துப் பலகை, மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை, எதையும் யாரும் படிக்க வேண்டியிருக்கவில்லை. முப்பது ஆண்டுகளில் எழுத்து தெரியாத ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. நாட்டுக்கே நாட்காட்டியும் நோட்டுப் புத்தகமும் அச்சடித்துக் கொடுக்கும் ஊரில், அச்சடிப்பதை அச்சடிப்பவர்களாலேயே படிக்க முடியவில்லை. அச்சகத் தொழிலாளர்களும் கடைக்காரர்களும் கூடிப் பேசினார்கள். படி படி என்றால் எந்தப் பிள்ளையும் படிக்காது, சிரிப்பு வருமென்றால் படிக்கும் என்று முடிவானது. ஓதியும் நகைச்சுவையை வாசிக்கத்தான் செய்யும். ஆனால் இரங்கல் செய்தியை வாசிக்கும் அதே குரலில் வாசிக்கும். சிரிக்க வேண்டுமென்றால் அதைக் கழற்றிவிட்டுக் கண்ணால் படித்தாக வேண்டும். அப்படிப் படிக்கவைத்துக் குழந்தைகளை அதிகம் சிரிக்கவைக்கும் புத்தகத்துக்கு ஆண்டுதோறும் குபீர் விருது.

சம்யுக்தாவின் 'புளிமூட்டை மாமா' வரிசைதான் முதல் நான்கு ஆண்டுகளும் அதை வாங்கியது. மாமா பருமனானவர், எழுத்துக் கூட்டத் தெரியாதவர். ஓதி பழுதானால் பெண்கள் கழிப்பறைக்குள் நுழைவார், ஷாம்பூவைச் சர்பத் என்று குடிப்பார். அந்த மாமாவைத் துரத்திக்கொண்டே ஊரில் ஆயிரம் பிள்ளைகள் எழுத்து கற்றார்கள். கடைத்தெருவில் நடந்தால் அவளை, மாமா அத்தை வர்றாங்க என்று கூப்பிடுவார்கள்.

இந்த மாரீஸ்வரன் யார்? அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் நிற்பவன். வயது முப்பத்து நான்கு. எழுதப் படிக்கக் கற்றதே முப்பதில்தான்.

அவன் புத்தகத்தை அவள் மறுநாள் வாங்கினாள், குறை கண்டுபிடிக்க. தலைப்பு 'பல்லிக்கூடம்'. அதில் ஒரு சிறுமி, நாளை பல்லிக்கு வர இயலாது என்று விடுப்புக் கடிதம் எழுதுகிறாள். மறுநாள் வகுப்பில் பெஞ்சுக்குப் பெஞ்சு பல்லிகள் உட்கார்ந்திருக்கின்றன. தலைமையாசிரியப் பல்லி சுவரில் ஒட்டியபடி வருகைப் பதிவு எடுக்கிறது. பயந்துபோன சிறுமி மழை விடுமுறை கேட்கிறாள். அதிலும் எழுத்து பிசகி, விளையாட்டு மைதானத்தில் ஒரு மலை வந்து நிற்கிறது.

மூன்றாம் பக்கத்தில் சம்யுக்தாவின் தொண்டைக்குள் ஏதோ கிளம்பியது. அவள் அதை இருமலாக மாற்றினாள். வீட்டில் வேறு யாருமில்லை, ஆனாலும் மாற்றினாள்.

அதன்பின் ஓதியை மாட்டிக்கொண்டு அதே பக்கத்தைப் பார்த்தாள். 'நாளை பள்ளிக்கு வர இயலாது' என்றது ஓதி. எழுத்துப்பிழை இருந்தால் திருத்தி வாசிப்பது அதன் இயல்பு. காதில் கேட்டால் இந்தப் புத்தகத்தில் எதுவுமே இல்லை. கண்ணுக்கு மட்டும்தான் இந்தச் சிரிப்பு. அவள் மாமாவை வாயால் சொன்னாலும் பிள்ளைகள் சிரிப்பார்கள். இவனுடைய பல்லியைப் படித்தவன் மட்டும்தான் பார்க்க முடியும். விருது எதற்காக உண்டானதோ, அதை இவன் ஒரே எழுத்தில் செய்துவிட்டான். தனக்கு இது இன்னும் இருபது ஆண்டு ஆனாலும் தோன்றியிருக்காது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அன்று முழுவதும் அவளால் வேறெதையும் நினைக்க முடியவில்லை. பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கருக விட்டாள்.

அடுத்த வாரம் விருதுக் குழுவின் கூட்டத்தில் அவள் எழுந்து பேசினாள். நிதானமாக, நியாயம் கேட்பவளாகப் பேசினாள். பிழையாக எழுதும் ஒருத்தியைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், எழுத்து தெரியாதவரைக் கேலி செய்வதற்கா நாம் எழுத்து சொல்லிக்கொடுக்கிறோம், எள்ளிச் சிரிப்பதையும் மகிழ்ந்து சிரிப்பதையும் ஒன்றாக எண்ணுவது முறையா என்று கேட்டாள். குழுவினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிலருக்குக் கண் கலங்கியது. அவர்கள் வீடுகளிலும் எழுத்து தெரியாதவர்கள் இருந்தார்கள்.

சிரிப்புமானிகளைப் பராமரிக்கும் பொறியாளர் ரெஜினாவிடம் கேட்டார்கள். பிரிக்க முடியும் என்றாள் அவள். எள்ளும்போது மேலுதடு ஒரு பக்கமாக ஏறும், மூச்சு மூக்கு வழியாக வெட்டி வெட்டி வரும். வில்லை இந்த விவரங்களை முதல் நாளிலிருந்தே பதிந்துதான் வைத்திருக்கிறது, யாரும் கேட்டதில்லை. கேலிச் சிரிப்பை வடிகட்ட எள்ளல்வடி என்று ஒரு நிரலை எழுதிச் சேர்த்தால் போதும். இனிமேல் கேலிச் சிரிப்புக்கு வில்லை சிவப்பாக எரியும், எண்ணிக்கையிலும் சேராது.

பத்தே நாளில் செய்துவிட்டாள். பழைய பதிவுகளையும் அதே வடியில் ஊற்றினாள். ஒரு விதி என்றால் எல்லாருக்கும்தானே. நூலகப் பலகையில் எண்கள் தாமாக மாறின. 'பல்லிக்கூடம்' பதினொன்று குறைந்து மூவாயிரத்து நானூற்று ஒன்றில் நின்றது.

'புளிமூட்டை மாமா' நானூற்று ஆறுக்கு இறங்கியது. முந்தைய நான்கு ஆண்டுகளின் புத்தகங்களும் அப்படியே இறங்கின. விருதுகளைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் பலகை எல்லார் கண்ணிலும் பட்டது, இப்போது ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எண் படிக்கத் தெரியும், எழுத்தும் தெரியும். படிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி.

நான்காம் நாள் மாரீஸ்வரன் அவள் வீட்டுக்கு வந்தான். வெட்டிய காகிதத் தூசி இன்னும் புருவத்தில் ஒட்டியிருந்தது. ஒரு பை நிறைய மாதுளம்பழம் கொண்டுவந்திருந்தான், நோயாளியைப் பார்க்க வருபவனைப் போல. அந்தப் பழங்களைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் எரிந்தது. ஜெயித்தவன் திமிராக இருந்திருந்தால் வெறுக்கச் சுலபமாக இருந்திருக்கும்.

உட்காரச் சொன்னாள். சற்று நேரம் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"நீங்க மொதல்ல படிச்ச புக்கு எதுங்க?"

"உங்களதுதான்க்கா. மாமா ரெண்டாவது புக்கு."

"சிரிச்சீங்களா?"

அவன் பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"சிரிப்பு வரலக்கா. அந்த ஷாம்பூ விஷயம் எனக்கே நடந்திருக்கு. ஓதி ரிப்பேரு அன்னிக்கு. குடிக்கல, தலைக்கு எண்ணெய்னு நெனச்சுத் தேச்சுட்டேன். ஆனா அந்த மனுசன் அடுத்த பக்கத்துல என்ன ஆனாருன்னு தெரியணும்போல இருந்துச்சு. அதுக்காகவே எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டிக் கடைசி வரைக்கும் போயிட்டேன். மூணு மாசம் ஆச்சு."

சம்யுக்தாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் வாழ்நாளில் தனக்குக் கிடைத்த மிகச்சிறந்த வாசகன் தன் புத்தகத்தில் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. அந்த மூன்று மாதத்தை எந்த வில்லையும் எண்ணவில்லை.

மாரீஸ்வரன் வந்த காரியத்தைச் சொன்னான். எள்ளல்வடி இருக்கட்டும், சரியான யோசனைதான். ஆனால் வில்லையில் சிவப்பு வெளிச்சம் மட்டும் வேண்டாம். எண்ணிக்கை உள்ளுக்குள் நடந்துகொள்ளட்டும். யோசனை அக்காவுடையது, அக்கா ஒரு வார்த்தை சொன்னால் குழு கேட்கும்.

"நெத்தியில செவப்பு எரிஞ்சா பக்கத்துல இருக்கறதுக பாக்கும்க்கா. புள்ளைக சிரிக்கவே பயந்துரும். இந்த வருசத்துக்குள்ள சொல்லிருங்க."

அவன் சொன்னது சரி என்று அவளுக்கு அந்த நொடியே விளங்கியது. ரெஜினாவிடம் சொன்னால் கால் மணி நேர வேலை. அவன் மடியில் அடுத்த புத்தகத்தின் கையெழுத்துப் படி இருந்ததையும் அவள் கவனித்திருந்தாள். இருநூறு பக்கமாவது இருக்கும்.

"பாப்போம்," என்றாள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் மறந்துவிட்டதாகத் தனக்கே சொல்லிக்கொண்டாள். அடுத்த வாரம் கூட்டம் இல்லை. அதற்கடுத்த கூட்டத்தில் நாற்காலிகளுக்கு வண்ணம் பூசுவது பற்றி நீளமாகப் பேசினார்கள், அவள் அதிலேயே கலந்துகொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

முதலில் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. உனக்குச் சிவப்பு, உனக்குச் சிவப்பு என்று துரத்திக்கொண்டு ஓடினார்கள். அப்படித் துரத்தியவர்கள் நெற்றியிலும் சிவப்பு எரிந்தது. பிறகு வீடுகளில் விசாரணை தொடங்கியது. யாரைப் பார்த்து இளித்தாய், ஏன் சிவப்பு வந்தது, நல்ல பிள்ளைக்குச் சிவப்பு எரியுமா. பள்ளியில் சிவப்பு வந்தவர்களைத் தனி வரிசையில் உட்கார வைத்தார்கள். ஆடி மாதத்துக்குள் பிள்ளைகள் ஒரு பழக்கம் கற்றுக்கொண்டார்கள். வேடிக்கையான வரி வந்ததும் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, பக்கத்துப் பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பார்கள். பார்த்து முடிப்பதற்குள் சிரிப்பு செத்துவிடும். கண்ணும் வரியை விட்டு விலகியிருக்கும், எனவே மிச்சச் சிரிப்பும் எண்ணப்படாது.

அந்த ஆண்டு மாரீஸ்வரனின் புதிய புத்தகத்துக்கு நாற்பத்து மூன்று சிரிப்புகள். சம்யுக்தாவின் புதிய புத்தகத்துக்கு முப்பத்தெட்டு. அதில் மாமா இல்லை. அவள் எழுதியதிலேயே கனிவானது அதுதான். ஐந்நூறுக்குக் குறைந்தால் விருது கிடையாது என்பது விதி. மேடை போடவில்லை, பலகையை அணைத்துவிட்டார்கள்.

செய்தியைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. அவனுக்கும் இல்லை. ஓராண்டாக நெஞ்சில் கிடந்த கனம் இறங்கி, அவள் இரண்டு கப் காபி குடித்தாள். மூன்றாவது நாள்தான், விருதும் இல்லை, படிக்கும் பிள்ளைகளும் இல்லை என்று உறைத்தது. நூலகத்திலிருந்து அவளுடைய பழைய புத்தகங்களையும் அவனுடையதையும் ஒரே கட்டாகக் கட்டி அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகள் வில்லைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். நூலகத்துக்கு வருவதில்லை. ஓதியை மீண்டும் மாட்டிக்கொண்டிருப்பார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் அவள் அச்சகத் தெரு வழியாக வந்தாள். காகிதக் கிடங்கின் பின்புறம், கழிவுக் கட்டுகள் அடுக்கியிருக்கும் இடத்திலிருந்து சத்தம் கேட்டது. ஏழெட்டுப் பிள்ளைகள் தலையோடு தலை முட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு புத்தகம். நெற்றியில் வில்லை இல்லை, காதில் ஓதியும் இல்லை. ஒருத்தி பக்கத்தைத் திருப்ப, எல்லாரும் ஒன்றாக, அடக்க முடியாமல் குபீரென்று சிரித்தார்கள். ஒரு பையன் காகிதக் கட்டின்மேலிருந்து பின்னால் சரிந்தே விழுந்துவிட்டான்.

சம்யுக்தா அசையாமல் நின்றாள். எழுதத் தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை அவள் கேட்டதில்லை. யார் புத்தகம்? அட்டையைப் பின்னால் மடித்துப் பிடித்திருந்தார்கள். காகிதம் பழையதா புதியதா என்றுகூடத் தெரியவில்லை. மாமாவாகவும் இருக்கலாம், பல்லியாகவும் இருக்கலாம். தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று மனம் கிடந்து துடித்தது. அவள் நெருங்கினாள்.

"என்ன புக்கு பாப்பா அது?"

சிறுமி சட்டென்று புத்தகத்தைத் தன் அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். எல்லா வாயும் மூடிக்கொண்டன. எட்டு ஜோடிக் கண்கள் அவள் முகத்தையே பார்த்தன.

"ஒண்ணுமில்ல அத்தை. சும்மா பேசிக்கிட்டு இருக்கோம்."

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். பத்தடி போயிருப்பாள். பின்னால் மறுபடியும் அந்தச் சிரிப்பு வெடித்தது, முன்னைவிடப் பலமாக. அவள் நின்றாள். இது புத்தகத்துக்கா, தனக்கா? பச்சையா, சிவப்பா? திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும் என்று தெரிந்ததால், கேட்டுக்கொண்டே நின்றாள்.