மூன்றாவது சிரிப்பு

மாரண்டஹள்ளி மேல்நிலைப் பள்ளிக்கு மணிமேகலை ஆங்கில ஆசிரியையாக மாற்றலாகி வந்தபோது, வீடு தேடி அலைய வேண்டிய சிரமமே இருக்கவில்லை. பாலக்கோடு போகும் சாலையிலிருந்து சற்று உள்வாங்கி, தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே நின்ற பழைய ஓட்டு வீடு ஒன்று நெடுநாளாகப் பூட்டிக் கிடந்தது. சொந்தக்காரர் பெங்களூரில் இருந்தார். சாவியைப் பக்கத்து வீட்டுச் சாலம்மாளிடம் கொடுத்து வைத்திருந்தார்.

அவள் கணவன் மாதவராஜ் உள்ளே நுழைந்ததும் நடுக்கூடத்தில் நின்றுவிட்டான். சன்னலே இல்லாத கூடம். எதிரில் பழுதில்லாத, அகலமான வெள்ளைச் சுவர்.

"மேகலை, இங்க பாரேன். நம்மளுக்குன்னே கட்டின மாதிரி இருக்குது!"

அவன் எதைச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு இருவரும் பேசிய முதல் பேச்சே பழைய ஹாலிவுட் படங்களைப் பற்றித்தான். அவன் ஒரு விதை நிறுவனத்துக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவன். வாரம் முழுக்க அவர்கள் சேர்ந்து உட்காருவது ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான். சாப்பிட்டு முடித்துக் கதவைச் சாத்திக்கொண்டு, சின்ன புரொஜெக்டரைச் சுவரில் பாய்ச்சுவார்கள். முதலில் ஒரு பழங்காலக் கார்ட்டூன். பிறகு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தொப்பி வைத்த துப்பறிவாளர்கள், பனிமூட்டத்தில் நிற்கும் ரயில்கள், ரோமக் கோட்டு போட்ட பெண்கள். குழந்தை இல்லாத அந்த வீட்டில் அதுதான் அவர்களுடைய திருவிழா.

புது வீட்டில் முதல் ஞாயிறன்று போட்ட கார்ட்டூனில், ரப்பர் குழாய் போலக் கைகால் வளையும் ஒரு நாய் ஏணியில் ஏறியது. ஏணி முறிந்தது. நாய் கீழே விழுந்து தட்டையாக நசுங்கிப்போனது. இருவரும் சிரித்தார்கள்.

இருவரும் சிரித்து ஓய்ந்த பிறகு, இன்னொரு சிரிப்பு கேட்டது.

வயதான ஆண் குரல். மூச்சை உள்ளே இழுத்து இழுத்துச் சிரிக்கும் சிரிப்பு. பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்று மணிமேகலை நினைத்துக்கொண்டாள். அத்தோடு மறந்தும் போனாள்.

அடுத்தடுத்த வாரங்களில் மழை பிடித்துக்கொண்டது. அப்படியொரு ஞாயிறன்று அவர்கள் பார்த்த படத்தில், போருக்குப் பயந்து ஒரு தாய் தன் மகளை ரயிலேற்றிவிட்டு, வண்டி போன பிறகும் கையை இறக்காமல் நிற்பாள். மணிமேகலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அருகே யாரோ சிரித்தார்கள்.

அவள் சட்டென்று திரும்பினாள். சுவரிலிருந்து திரும்பி வந்த வெளிச்சத்தில் கணவனின் முகம் மங்கலாகத் தெரிந்தது. அவளுக்குச் சுருக்கென்றது.  படம் முடிந்து விளக்கைப் போட்டதும் கேட்டுவிட்டாள்.

"நான் அழுவுறது உங்களுக்கு அவ்ளோ சிரிப்பா இருக்குதா?"

"யாரு சிரிச்சா? எனக்கே தொண்டைய அடச்சிக்கிச்சு."

"பொய் சொல்லாதீங்க. என் காதாண்ட கேட்டுச்சு."

மாதவராஜ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "போன வாரம் அந்த ஆஸ்பத்திரி சீன் வந்தப்ப நீ சிரிச்சியே. அந்த ஆளு சாவறப்ப. நான் எதாவது கேட்டனா?"

மணிமேகலை சிரிக்கவில்லை. அன்றும் சிரிக்கவில்லை, என்றும் அந்தக் காட்சியில் சிரித்ததில்லை.

வெளியே ஓட்டின்மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது.  கடைசியில் மாதவராஜ்தான், படத்தின் ஒலியிலேயே ஏதோ கோளாறு இருக்கும் என்று முடிவு கட்டினான். அவளும் சரி என்று தலையாட்டினாள். தலையாட்டினாளே தவிர, அன்று முதல் கூடத்தைத் தாண்டும்போதெல்லாம் அவள் நடை தானாக விரைந்தது.

ஆனால் மணிமேகலை ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் விடுகிறவளும் அல்ல. அந்த வாரத்தில் ஒருநாள் பள்ளி விட்டு வந்தவள், மாதவராஜ் திரும்புவதற்கு முன்பே அதே படத்தைப் போட்டாள். சத்தத்தை முழுவதுமாகக் குறைத்தாள். சுவரில் ஊமையாக ரயில் வந்தது. ஊமையாகத் தாய் மகளைக் கட்டிக்கொண்டாள். பின்னால் சமையலறைக்கு அப்பால் கொல்லைக் கதவு திறந்திருந்ததால் ஈரமண் வாசனை கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தது.

அந்த வாசனைக்குள் மெல்ல வேறொன்று கலந்தது.

பலநாள் மாற்றாத படுக்கையின் மூத்திர வாடை. அதோடு புளித்த கஞ்சியின் வாடை.

சுவரில் ரயில் நகர்ந்தது. தாய் கையை உயர்த்தினாள்.

"ஹெ... ஹெ... ஹெ..."

அவள் முதுகுக்குப் பின்னால், மூலையில்.

மணிமேகலை திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.  அப்போது பார்த்துக் கரண்ட் போனது. சுவர் அணைந்தது. மின்விசிறி முனகி நின்றது.

சிரிப்பு நிற்கவில்லை.

இருட்டில் அது இடம் மாறியது. மூலையிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. ஒரு இழுப்பு, பிறகு ஒரு சிரிப்பு. மறுபடி ஒரு இழுப்பு. ஈரத் துணியைத் தரையில் இழுப்பது போன்ற ஓசை அவள் காலருகே வந்து, அவளைத் தாண்டி, வாசல் கதவை நோக்கிப் போனது.

அவள் கொல்லை வழியாக ஓடினாள். செருப்பில்லாமல், தக்காளிச் செடிகளை மிதித்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி சாலம்மாளின் மாட்டுக் கொட்டகையில் போய் நின்றபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

சாலம்மாள் பால் கறந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், நல்ல திடமான உடம்புக்காரி. டீச்சர் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

"என்னாங்க டீச்சரம்மா, பாம்பு கீம்பு வந்துடுச்சா?"

"சாலம்மா... அந்த வூட்ல முன்ன யாரு இருந்தாங்க?"

"அதுவா? முனியப்பன்னு ஒருத்தருங்க. பெங்களூர்ல தியேட்டர்ல படம் ஓட்டினவரு. பூரா இங்கிலீஷ் படந்தான் ஓட்டுவாராம். ரிட்டயர்டு ஆயி, பையனோட இங்க வந்து இருந்தாருங்க." சாலம்மாள் ஒரு துண்டை எடுத்து அவளிடம் நீட்டினாள். "அப்பறம் பக்கவாதம் வந்து வலது பக்கம் வராமப் போச்சு. பேச்சும் போச்சு. பையன் தங்கமானவன். அப்பாவுக்குப் புடிக்குமேன்னு பொழுதுக்கும் பொம்மைப் படம் போட்டு உட்டுடுவான். கெழவரும் பாத்துப் பாத்துச் சிரிப்பாரு. இங்க வரைக்கும் கேக்கும். இப்ப நீங்க சிரிக்கிறதக் கேட்டாலே எனக்கு அவரு நெனப்புதாங்க வருது."

"அவரு எப்பிடி... செத்தாரு?"

"அது பெரிய கொடுமைங்க. ஒசூருக்குப் போன பையன் வழியில வண்டி மோதி, நெனவில்லாம ஆஸ்பத்திரியில கெடந்திருக்கான். எங்களுக்கு யாருக்குமே தெரியாது. அந்த வாசக் கதவு இழுத்துச் சாத்துனா தானா பூட்டிக்கும் இல்லீங்களா, வெளிய பூட்டு தொங்கல. உள்ள படம் ஓடுது, கெழவர் சிரிக்கிறாரு. ராத்திரியும் சிரிக்கிறாரு, பகல்லயும் சிரிக்கிறாரு. பையன் வூட்லதான் இருக்கான், அப்பனும் மகனும் படம் பாக்கறாங்கன்னு நாங்க நெனச்சிக்கிட்டோம். அப்பறம் சிரிப்பு நின்னுச்சு. ரெண்டு நாள் போயி வாடை வந்தப்பதான் கதவ ஒடச்சோம்." அவள் பெருமூச்சு விட்டாள். "ஆனா பாருங்க, கதவாண்ட கெடந்தாரு, மொகத்துல சிரிப்பு மாறல. பசியும் தெரியல, வலியும் தெரியல. சிரிச்சிக்கிட்டே போய்ட்டாரு."

மாதவராஜின் வண்டி வந்து நின்றது. மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் அவன் கொட்டகைக்குள் வந்தான். மணிமேகலை நடந்ததையும் கேட்டதையும் ஒரே மூச்சில் சொன்னாள். பேய், பிசாசு என்று பேசினால் கிண்டல் பண்ணுகிற ஆள் அவன். இன்று கிண்டல் பண்ணவில்லை. அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்கம்மாவுக்கும் வாதம் வந்து பேச்சு போச்சுல்ல," என்றான். "எங்கப்பா செத்தன்னைக்குப் பொணத்து பக்கத்துல உக்காந்து சிரிச்சிச்சு. நிறுத்தவே முடியல. சொந்தக்காரங்க எல்லாம் காறித் துப்பாத கொறை. அப்பறம் டாக்டர்தான் சொன்னாரு. அது சிரிப்பு இல்ல. அந்த நோவுல சில பேருக்கு அழுகை வழி மாறி சிரிப்பா வந்துடும்னு. அம்மா அழுதுதான் இருக்குது. எங்களுக்குத்தான் தெரியல."



சாலம்மாளின் கையிலிருந்த பால் செம்பு சாய்ந்து, பால் வழிந்துகொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

"அப்ப அவரு..." என்றாள் கிசுகிசுப்பாக. "அத்தன நாளும்... எங்களக் கூப்புட்டாரா?"



அன்றே வீட்டைவிட்டுப் போய்விடுவது என்று மாதவராஜ் தீர்மானித்தான். உடுத்தத் துணியும் முக்கியமான சாமான்களும் எடுத்துக்கொண்டால் போதும். இருட்டிவிடுவதற்குள் டார்ச்சோடு இருவரும் உள்ளே போனார்கள். அவன் பீரோவைத் திறந்து கைக்கு வந்ததைப் பையில் திணித்தான். மணிமேகலை சமையலறையிலிருந்து ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து, கூடத்தில் வாசல் கதவருகே தரையில் வைத்தாள்.

"என்னா பண்ற நீ?"

"பேசாம இருங்க."

அவள் கதவுக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டாள்.  வகுப்பில் பயந்த பிள்ளையிடம் பேசுவது போல நிதானமாகப் பேசினாள்.

"ஐயா... நீங்க கூப்பிட்டது எங்களுக்குக் கேட்டுச்சுங்க. சிரிப்பு இல்லைன்னு இப்பதான் தெரிஞ்சுது. மன்னிச்சிக்கங்க. தண்ணி வச்சிருக்கறேன்."

ஒன்றும் இல்லை. ஓட்டிலிருந்து நீர் சொட்டியது.

டம்ளர் மெல்லச் சாய்ந்தது.

விழவில்லை. யாரோ தாங்கிப் பிடித்தது போல அப்படியே சாய்ந்து நின்றது. அடங்காத தாகத்தோடு மிடறு விழுங்கும் ஓசை இருட்டில் கேட்டது. பாதித் தண்ணீர் கடைவாயில் ஒழுகித் தரையில் சிந்துவது போலச் சொட்டுகள் விழுந்தன.

மாதவராஜ் அவள் தோளைப் பற்றித் தூக்கி வெளியே இழுத்தான். படியிறங்கியதும் கதவை இழுத்துச் சாத்தக் கை நீட்டினான்.

உள்ளே அந்தச் சிரிப்பு வெடித்தது.

இதுவரை கேட்டது போல் அல்ல. தொண்டை கிழிகிற சிரிப்பு. அது என்ன என்று இப்போது இருவருக்கும் தெரிந்திருந்தது. அதனாலேயே கேட்கச் சகிக்கவில்லை.

"சாத்தாதீங்க," என்றாள் மணிமேகலை. அவள் கன்னத்தில் நீர் வழிந்தது. "கெஞ்சுறாருங்க. இன்னொரு தடவை அவரை உள்ள வச்சிப் பூட்ட வேணாம். தொறந்தே இருக்கட்டும்."

மாதவராஜ் கையை எடுத்துக்கொண்டான். கதவு அகலத் திறந்தபடி கிடக்க, மழையில் அவர்கள் வண்டியேறினார்கள். சிரிப்பு படிப்படியாகத் தேய்ந்து நின்றது. அவர்கள் சாலையைத் தொட்டபோது மழைச் சத்தம் மட்டுமே இருந்தது. பாவம், போய்ச் சேரட்டும் என்று மணிமேகலை மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

அந்த வருடமே அவள் அரூருக்கு மாற்றல் வாங்கினாள். மாடியில் இரண்டு அறை, காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும் புது வீடு. கீழே வீட்டுக்காரி சசிகலா இருந்தாள். புரொஜெக்டரை மாதவராஜ் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் தீர்த்தமலைக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போய்விடுவார்கள். நாள் போகப் போக மணிமேகலைக்குத் தூக்கம் திரும்பியது. ஒருநாள் சாப்பிடும்போது மாதவராஜ் பழைய கார்ட்டூன் ஒன்றை நடித்துக் காட்டினான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பயம் கழிந்துவிட்டது என்று அன்றுதான் இருவரும் நம்பினார்கள்.

பரீட்சை முடிந்து அவள் சற்று முன்னதாகவே வீடு திரும்பிய ஒரு பிற்பகல். நல்ல வெயில். மாதவராஜ் முந்தின நாளே சேலம் போயிருந்தான். சசிகலா வாசலில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர். சார் லீவு போட்டுட்டாருங்களா?"

"இல்லியே. அவரு சேலத்துலல்ல இருக்காரு."

சசிகலா சிரித்தாள். "உங்களுக்குத் தெரியாம வந்துட்டாரு போல. காலையிலிருந்து மேல ஒரே சிரிப்புதான். ஏதோ காமெடி படம் பாக்கறாருன்னு நெனச்சேன்."

மணிமேகலை கைப்பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். கால்கள் தாமாகவே படியேறின. கதவில் அவள் காலையில் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது.

உள்ளே நிசப்தம்.

கீழே சசிகலா நிற்கிறாள், நடுப்பகல், தெருவில் ஆட்டோ போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பூட்டைத் திறந்தாள். கதவைத் தள்ளினாள். பாதியில் நின்றது. பின்னால் ஏதோ தடுத்தது.

இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

கனமான ஏதோ ஒன்று தரையோடு நகர்ந்து வழிவிட்டது.

வெயில் அறைக்குள் விழுந்தது. கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை. தரையில் மட்டும், படுக்கையறையிலிருந்து வாசல்வரை உடம்பை இழுத்து வந்தது போல அகலமான ஈரக் கோடு. கதவின் உட்புறத்தில், அவள் முழங்கால் உயரத்தில், ஒரே ஒரு கையின் தடம். இடது கை.

ஐந்து விரல்களிலிருந்தும் தண்ணீர் இன்னும் கீழே வழிந்துகொண்டிருந்தது.