தொட்டியில் மிதந்தது

நுண்ணோக்கியில் வைத்த பித்தப்பை ஸ்லைடின் ஓரத்தில் பித்தப்பைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது.

டாக்டர் மாரிட் லிண்ட்க்விஸ்ட் உதட்டைச் சுழித்தாள். கட்டிகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பயம் போய் இளக்காரம்தான் மிஞ்சியிருந்தது. தோலிலும் குடலின் உட்பூச்சிலும் பிறப்பவை ஒரு வகை, எலும்பிலும் தசையிலும் பிறப்பவை இன்னொரு வகை. எதில் பிறந்தாலும் சில சாதுக்கள். உறைக்குள்ளேயே பருத்து அக்கம்பக்கத்தை முட்டித் தள்ளுமே தவிர வேலி தாண்டாது. மற்றவை போக்கிரிகள். வேலியைத் தின்று, ரத்தத்தில் ஏறி, கல்லீரலில் போய்க் குடியேறும். குடியேறி என்ன? ஆளைக் கொன்று தானும் சாகும். அடிமுட்டாள்கள்.

"டுவேன்! தொட்டியத் துடைச்சியா இல்லையா?"

மெழுகில் பதித்த சதையை மெல்லிசாகச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடியால் ஏந்தி எடுப்பது டுவேனின் வேலை. இடையிடையே தண்ணீரைத் துடைக்காவிட்டால் ஒருவருடைய துணுக்கு அடுத்தவர் கண்ணாடியில் ஏறிவிடும். மிதவை என்பார்கள்.

"துடைச்சேன் டாக்டரம்மா. நான் செய்யிறது உங்களுக்கு என்னிக்குத்தான் பிடிச்சிருக்கு?"

"நீ துடைக்கிறதுக்கு நாய் நக்கினா சுத்தமா இருக்கும்."

தட்டின் கடைசியில் ஒரு ஸ்லைடு கவிழ்ந்து கிடந்தது. போன வாரம் அவளுடைய கழுத்திலிருந்தே வெட்டியெடுத்த கட்டி. தன்னுடையதைத் தானே பார்க்கக் கூடாது என்பது வழக்கம். ஆனால் கூட இருக்கும் டாக்டர்களை அவள் மாட்டு வைத்தியத்துக்குக்கூட லாயக்கற்றவர்கள் என்றுதான் நினைத்தாள். அவர்கள் வாயாலா தன் தலையெழுத்தைக் கேட்பது? சாதுவா, போக்கிரியா, அவளே பார்ப்பாள். மற்றதை முடித்துவிட்டு. காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கே இருட்டிவிட்ட ஜன்னலில் ஏரிக்காற்று பனித்துகளை வாரி இறைத்தது. ஃபார்மலின் நெடிக்கும் உருகிய மெழுகின் வாடைக்கும் அடியில், வெந்த இறைச்சிபோல இதுவரை அந்த அறையில் இருந்திராத ஒரு வாசனை மெல்ல ஊறிக்கொண்டிருந்தது.

அடுத்தது ஒரு கருப்பை. அதிலும் அதே துணுக்கு, இன்னும் பெரிதாக. அதற்கடுத்தது முதுகுத் தோல். அதில் துணுக்கு ஓரத்தில் இல்லை. நட்டநடுவில் இருந்தது.

மிதவை மேலேதான் ஒட்டும். நுண்ணோக்கியின் திருகைத் திருப்பினால், அது தெளியும்போது அடியிலுள்ள சதை மங்க வேண்டும். திருப்பினாள்.

இரண்டும் ஒன்றாகத் தெளிந்தன.

அது மேலே ஒட்டியிருக்கவில்லை. உள்ளே வேர் விட்டிருந்தது.

"டுவேன், இன்னிக்கு யாரோடத முதல்ல சீவின?"

"உங்களோடதுதான். வந்ததும் வராததுமா கேட்டுக் கத்துவீங்கன்னு."

கவிழ்ந்த ஸ்லைடை எடுத்தாள். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. லென்ஸுக்கு அடியில் வைத்தாள்.

உறை. வட்டமான, அழகான உறை.

"பயந்தாங்கொள்ளி," என்றாள். மூச்சு வந்தது. "வெறும் சாது."

ஸ்லைடை நகர்த்தினாள். உறைக்குள் ஒன்றுமில்லை. ஒரு செல்கூட இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு கிழிசல். அதன் விளிம்புகள் வெளிப்பக்கம் சுருண்டிருந்தன.

பித்தப்பை ஸ்லைடை மறுபடி வைத்தாள். பித்தப்பையைக் காணவில்லை. முழுக்க அதுதான். ஃபார்மலினில் செத்தது. மெழுகில் வெந்தது. சாயம் ஏற்றிக் கண்ணாடிக்குள் அடைத்தது. அதில் ஒரு செல்லுக்கு இடுப்பு சிறுத்தது. இன்னும் சிறுத்தது.

இரண்டாயிற்று.

"டாக்டரம்மா." டுவேனின் குரல் கிண்டலாக இல்லை. "சத்தியமா துடைச்சேன். திரும்பத் திரும்ப வருது."

திரும்பினாள். வெந்நீரின் மேல், விளிம்பிலிருந்து விளிம்புவரை, இளஞ்சிவப்பாக ஓர் ஏடு படர்ந்திருந்தது. டுவேனின் வலது கை மணிக்கட்டுவரை அதற்குள் இருந்தது.

அவன் கையை இழுத்தான். வரவில்லை.

அவன் இழுக்க இழுக்க, மாரிட்டின் கழுத்தில், கட்டுக்கு அடியில், தையல் விண்ணென்று இழுத்தது.